அழைப்பும் அஞ்சலும்: இணையச் சேவைகள் கைவிட்ட ஒரு வழி

இணையச் சேவை என்னும் பாடம் இந்திய வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே வரைபடத்துடன் தொடங்குகிறது. இடப்பக்கம் கேட்கும் கணினி. வலப்பக்கம் விடை தரும் வழங்கி. இரண்டுக்கும் நடுவே எச்டிடிபி என்று பெயரிட்ட அம்புக்குறி. மாணவர் அந்த அம்புக்குறியை இயற்கை விதிபோல ஏற்றுக்கொண்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறார். அது பல வழிகளுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும், அத்தேர்வுக்கு ஒரு விலை உண்டு என்பதும் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. எக்ஸ்எம்எல் செய்திகளை மின்னஞ்சல் நெறிமுறைகளின் வழியே கொண்டுசெல்லும் முயற்சி இன்று பாடநூல்களில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவது அரிது. அந்த முயற்சியைப் பழம்பொருளாக ஒதுக்காமல் மீண்டும் எடைபோட வேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன.

எக்ஸ்எம்எல் 1.0, டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 1998 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன்மேல் எழுந்த சோப் 1.1 என்னும் செய்தி வடிவம் 2000 மே மாதம் அதே அமைப்பின் குறிப்பாகப் பதிவாயிற்று. சோப் செய்தியின் அமைப்பே ஓர் அஞ்சலின் அமைப்பு: வெளியே ஓர் உறை, உள்ளே வழிகாட்டும் தகவல்களுக்கு ஒரு தலைப்பகுதி, சொல்ல வேண்டியதற்கு ஓர் உடற்பகுதி. எந்த நெறிமுறையின் மேலும் இச்செய்தி பயணிக்கலாம் என்று அந்த ஆவணம் இடமளித்தது. ஆனால் விரித்துரைத்ததோ எச்டிடிபி வழியை மட்டுமே. கொள்கையில் பல வாயில்கள் திறந்திருந்தன. நடைமுறையில் ஒன்றுக்கு மட்டுமே படிக்கட்டு கட்டப்பட்டது.

இந்தக் குறையை டபிள்யூ3சி உணராமல் இல்லை. சோப் 1.2 உருவாகி வந்தபோது, 2002-இல், மின்னஞ்சல் வழியே சோப் செய்திகளை அனுப்புவது எவ்வாறு என்பதை விளக்கும் தனிக்குறிப்பு ஒன்று வெளியிடப்பட்டது. 2003 ஜூனில் சோப் 1.2 பரிந்துரையானபோது, அதனுடன் வந்த அறிமுக நூலும் மின்னஞ்சலில் செல்லும் பயண முன்பதிவுக் கோரிக்கையை எடுத்துக்காட்டாகக் காட்டிற்று. ஒவ்வொரு மடலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. விடைமடல் அந்த எண்ணைத் தன் தலைப்பகுதியில் குறிப்பிடும். கேள்வியையும் விடையையும் இணைக்க அதுவே போதும். ஆனால் 2002-ஆம் ஆண்டுக் குறிப்பு கட்டாய நெறியன்று. சோப் செய்தியை எச்டிடிபி அல்லாத ஊர்தியிலும் ஏற்றலாம் என்பதற்கான எடுத்துக்காட்டாகவே அது எழுதப்பட்டது. அதற்குமேல் அதை வளர்க்க எவரும் முனையவில்லை.

மின்னஞ்சலைச் சேவையின் ஊர்தியாக்கும் எண்ணம் சோப்புடன் பிறந்ததும் அன்று. 1985-இல் தொடங்கிய நெட்லிப், எண்கணிப்பு நிரல்களை மின்னஞ்சல் வழி வழங்கியது. ஆய்வாளர் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு வரி எழுதி அனுப்புவார். மனிதர் எவரும் தொடாமலே, கேட்ட நிரல் விடைமடலில் வந்து சேரும். ஜாக் டோங்காராவும் எரிக் கிராஸும் இதைக் குறித்து 1987-இல் கட்டுரை எழுதினர். 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கிய இயற்பியல் முன்பதிப்புக் களஞ்சியம், இன்று ஆர்க்கைவ் என்று அறியப்படுவது, முதலில் மின்னஞ்சலுக்கு விடைதரும் தானியங்கியாகவே இயங்கிற்று. 1990-களில் அமெரிக்காவின் என்சிபிஐ நிறுவனம் ப்ளாஸ்ட் மரபுவரிசைத் தேடலை மின்னஞ்சல் வழியாகவும் வழங்கியது. கோரிக்கை, செயலாக்கம், விடை என்னும் மூன்றும் இவற்றில் இருந்தன. ‘இணையச் சேவை’ என்ற பெயர் மட்டுமே இல்லை.

இந்தியக் கல்வியுலகுக்கு இவ்வரலாறு அயலானதன்று. 1986-இல் தொடங்கிய எர்னெட், ஐந்து ஐஐடிகள், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் என்சிஎஸ்டி, மின்னணுவியல் துறை ஆகியவற்றை இணைத்தது. அதன் முதற்காலத்தில் தொலைபேசி இணைப்பு வழியே மின்னஞ்சல்தான் முதன்மையாகச் சென்றது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கும்வரை, இந்திய ஆய்வாளர் பலருக்கு உலகத்துடன் இருந்த கணினித் தொடர்பு என்பது, தொடர்பு கிடைத்தபோது அனுப்பி, கிடைத்தபோது பெற்றுக்கொள்ளும் அஞ்சலே. இடைவிடாத இணைப்பு இல்லாத நாட்டில் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. செய்தியைச் சேமித்து வைத்து முன்னனுப்பும் முறை அந்த இடைவெளியைத் தாங்கிக்கொண்டது.

அம்முறையின் உள்ளியல்பை நோக்கினால் அதன் வலிமை விளங்கும். எச்டிடிபி ஓர் அழைப்பு. தொலைபேசியைப் போல, இருவரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். எதிர்முனை ஓய்வில் இருந்தால் அழைத்தவரே காத்திருந்து மீண்டும் அழைக்க வேண்டும். எஸ்எம்டிபி ஓர் அஞ்சல். ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய ஆர்எஃப்சி 821 தொடங்கி, 2008-இன் ஆர்எஃப்சி 5321 வரை, அதன் மையத்தில் நிற்பது பொறுப்புக் கைமாற்றம் என்னும் கருத்து. பெறும் வழங்கி 250 என்ற விடைக்குறியைத் தந்த கணமே அம்மடலின் பொறுப்பு அதன் தலைமேல் ஏறிவிடுகிறது. அதன்பின் கணினி நின்றுபோனாலும் மடல் தொலையக் கூடாது. சேர்க்க இயலாவிட்டால் அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். உடனடியாகச் சேர்க்க முடியாத மடலைப் பொதுவாகக் குறைந்தது 30 நிமிட இடைவெளியில் மீண்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பதும், கைவிடுமுன் குறைந்தது 4 அல்லது 5 நாள் முயல வேண்டும் என்பதும் அந்நெறியின் வழிகாட்டல். நிரலாளர் ஒரு வரியும் எழுதாமலே இத்தனையும் கிடைக்கின்றன.

இதைவிட முக்கியமானது, சேவையை வழங்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி. எச்டிடிபி சேவை நடத்த வேண்டுமானால் வெளியுலகம் அணுகக்கூடிய முகவரி வேண்டும். தீயரணில் ஒரு வாயில் திறக்கப்பட வேண்டும். வழங்கி இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். வளாக வலையமைப்புகளில் வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புகள் பொதுவாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒரு சிறு கல்லூரியின் தாவரவியல் துறை தன் உலர்தாவரத் தொகுப்பின் விவரங்களைப் பிற நிறுவனங்களின் நிரல்களுக்கு வழங்க விரும்பினால், இந்த மூன்று தடைகளையும் கடந்தாக வேண்டும். மின்னஞ்சலுக்கோ ஓர் அஞ்சற்பெட்டி போதும். துறையின் கணினி தானே வெளியே சென்று ஐமேப் அல்லது பாப்3 வழியாகப் பெட்டியைத் திறந்து, வந்திருக்கும் எக்ஸ்எம்எல் கோரிக்கைகளைப் படித்து, விடைகளை அனுப்பலாம். மின்சாரம் மூன்று மணி நேரம் இல்லாவிட்டால் விடை மூன்று மணி நேரம் தாமதமாகும், கோரிக்கை தொலையாது. சேவை பெறுபவராக மட்டுமே இருக்க விதிக்கப்பட்ட நிறுவனங்கள் சேவை தருபவராகவும் ஆகும் வாய்ப்பு இதில் உண்டு.

எனில் எச்டிடிபி வென்றது ஏன்? சேவை வழிமுறையை எழுதியவர்கள் அதைத் தொலைவிலுள்ள ஒரு செயற்கூறை அழைப்பதாகக் கற்பனை செய்தார்கள். அழைத்தவுடன் விடை வர வேண்டும் என்பது நிரலாளரின் பழக்கம். உலாவிகளுக்காக ஏற்கெனவே திறந்திருந்த 80-ஆம் வாயில் வழியே எதையும் அனுப்பிவிடலாம் என்ற வசதியும் சேர்ந்துகொண்டது. இந்த வசதியின் இடர்களை எச்சரித்து கீத் மூர் எழுதிய ஆர்எஃப்சி 3205, 2002 பிப்ரவரியிலேயே வெளிவந்தது. பொருத்தம் பார்க்காமல் எல்லாவற்றையும் எச்டிடிபி மேல் ஏற்றுவது நல்ல வடிவமைப்பாகாது என்பதே அதன் சாரம். அவ்வெச்சரிக்கையைத் தொழிலுலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

கருவிகள் இல்லாததால் மின்னஞ்சல் வழி அழிந்தது என்றும் சொல்வதற்கில்லை. அப்பாச்சி சோப் நிரல்தொகுப்பு எஸ்எம்டிபி, பாப்3 ஆகியவற்றை ஆதரித்தது. பின்வந்த ஆக்சிஸ்2-உம் மின்னஞ்சலை ஓர் ஊர்தியாகச் சேர்த்துக்கொண்டது. அதன் வளர்ச்சியில் இலங்கை நிரலாளர்களின் பங்கு பெரிது. கருவி இருந்தது, அதைப் பயன்படுத்தக் கற்பித்த பாடத்திட்டம்தான் இருக்கவில்லை.

எதிர்வாதங்களை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இரட்டிப்பு. மடலின் இறுதிப் புள்ளியைப் பெற்ற வழங்கி விடைக்குறி தரத் தாமதித்தால், அனுப்பிய வழங்கி பொறுமையிழந்து மீண்டும் அனுப்பும். ஒரே மடல் இருமுறை சேரும். 1988-இன் ஆர்எஃப்சி 1047 இச்சிக்கலைப் பற்றியதே. நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கேட்கும் மடல் இருமுறை வந்தால் கேடில்லை. பணம் செலுத்தும் ஆணை இருமுறை வந்தால் கேடு. ஆனால் இந்த ஐயம் எச்டிடிபிக்கும் பொது. விடை வருமுன் இணைப்பு அறுந்தால், ஆணை நிறைவேறியதா இல்லையா என்பதை அழைத்தவர் அறியமாட்டார். இரு வழியிலும் தீர்வு ஒன்றே: ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாளம் இட்டு, ஏற்கெனவே செய்து முடித்ததை மறுபடி செய்யாத வகையில் சேவையை அமைத்தல்.

இரண்டாவது, மின்னஞ்சல் தன் சரக்கை எப்போதும் தொட்ட இடம் மாறாமல் சேர்ப்பதில்லை. ஒரு வரிக்கு 998 எழுத்து என்ற வரம்பு உண்டு. இடைவழி நிரல்கள் வரிகளை மடித்துவிட்டால் எக்ஸ்எம்எல் மின்கையொப்பம் பொய்த்துப்போகும். பேஸ்64 குறியாக்கம் இதைத் தடுக்கும். ஆனால் செய்தியின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். பெருந்தரவுத் தொகுப்புகளுக்கு மின்னஞ்சல் ஏற்றதன்று என்பதில் ஐயமில்லை.

மூன்றாவதே மிகக் கடுமையானது. குப்பை அஞ்சலுக்கு எதிரான போர், மின்னஞ்சலை இயந்திரங்களுக்குப் பகைநிலமாக்கிவிட்டது. அறிமுகமில்லாத வழங்கியிலிருந்து வரும் மடல் வேண்டுமென்றே தாமதப்படுத்தப்படுகிறது. சில வேளை எவரும் பார்க்காத குப்பைப் பெட்டியில் ஓசையின்றி விழுகிறது. பொறுப்பேற்றபின் தொலைக்கலாகாது என்ற பழைய ஒப்பந்தம் இங்கே உடைகிறது. பெரும் நிறுவனங்களின் அஞ்சற்பெட்டிகளை எளிய நிரல் ஒன்று திறப்பதும் கடினமாகி வருகிறது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஐமேப், பாப் ஆகியவற்றுக்கான வெறும் கடவுச்சொல் நுழைவை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கியது. பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவே. ஆயினும் பெட்டியைத் திறக்கும் நிரல் இனி அந்நிறுவனத்திடம் பதிவு பெற வேண்டியதாகிறது. இரு முகவரிகளுக்கு இடையே முன்கூட்டி உடன்பாடு இல்லாமல், முகமறியாதவர்க்கெல்லாம் மின்னஞ்சல் வழிச் சேவை தருவது இன்று நம்பத்தக்கதாகாது. இதை ஒப்புக்கொண்டே மேற்செல்ல வேண்டும்.

உடன்பாடு இருக்கும் இடங்களில் நிலைமை வேறு. இத்தாலி 2005-இல் சான்றுடைய மின்னஞ்சலுக்குச் சட்டம் இயற்றியது. பெக் என்று அழைக்கப்படும் அம்முறையில் மடல் ஏற்கப்பட்டதற்கு ஒரு சான்றும் சேர்க்கப்பட்டதற்கு ஒரு சான்றும் அனுப்பியவருக்கு வருகின்றன. ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலுக்கு நிகரான சட்டத் தகுதி அதற்கு உண்டு. அச்சான்றுகளுடன் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பும் இணைந்து வருகிறது. 2014 ஜூனில் மத்திய அரசுத் துறைகளுக்கான விலைப்பட்டியல்களை எக்ஸ்எம்எல் வடிவில் மட்டுமே அந்நாடு ஏற்கத் தொடங்கியபோது, அவற்றை அனுப்ப ஏற்கப்பட்ட வழிகளுள் பெக் ஒன்று. எச்டிடிபி இணையச் சேவை மற்றொன்று. 2019 ஜனவரியில் இம்முறை தனியார் வணிகத்துக்கும் விரிந்தது. தனி வழங்கி நடத்தும் வலுவுள்ள பெருநிறுவனம் ஒரு வழியில் செல்லும். அஞ்சற்பெட்டி மட்டுமே உள்ள சிறுதொழிலர் வேறு வழியில் செல்லலாம். இரண்டிலும் ஆவணம் ஒன்றே.

அமெரிக்காவில் 2010-இல் தொடங்கிய டைரக்ட் திட்டம், மருத்துவமனைகளுக்கு இடையே நோயாளர் ஆவணங்களை எஸ்எம்டிபி வழியே, எஸ்/மைம் முறையில் மறையாக்கமும் கையொப்பமும் இட்டு அனுப்ப வகைசெய்தது. இவற்றைவிடச் சுவையான சான்று மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்கிறது. போலி அனுப்புநரைத் தடுக்க 2015-இல் ஆர்எஃப்சி 7489 ஆக வெளிவந்த டிமார்க் நெறியின்படி, மடல்களைப் பெறும் நிறுவனங்கள் தொகுப்பறிக்கைகளை உரிய களப்பெயரின் உரிமையாளருக்கு அனுப்புகின்றன. அந்த அறிக்கையின் வடிவம் எக்ஸ்எம்எல். அதன் ஊர்தி மின்னஞ்சல். செத்துவிட்டதாகக் கருதப்படும் ஒரு முறை, மின்னஞ்சலின் பாதுகாப்பையே தாங்கிக்கொண்டு நாள்தோறும் இயங்குகிறது.

எச்டிடிபி உலகம் அஞ்சலை விட்டு விலகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பெரிய அமைப்புகள் அழைப்பின் மேல் அஞ்சலைத் தம் கைப்பட மீண்டும் கட்டிக்கொண்டிருக்கின்றன. 2006-இல் பரிந்துரையான டபிள்யூஎஸ்-அட்ரஸிங், செய்தி அடையாளம், தொடர்புடைய செய்தி, விடை முகவரி ஆகியவற்றை சோப் தலைப்பகுதிக்குள் கொண்டுவந்தது. மின்னஞ்சலில் அவை ஏற்கெனவே இருந்தவை. 2018-இன் ஆக்டிவிட்டிபப் நெறி, எச்டிடிபி மேல் ஒவ்வொருவருக்கும் ஓர் உள்பெட்டியும் வெளிப்பெட்டியும் வகுத்தது. செய்தி வரிசைகளுக்கான ஏஎம்க்யூபி போன்ற நெறிகள் இப்பணியைச் செவ்வையாகவே செய்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் மதிலுக்குள், ஒரு பொது இடைத்தரகரை நம்பி இயங்குபவை. ஒருவரையொருவர் முன்பின் அறியாத இரு நிறுவனங்கள், பொது இடைத்தரகர் எவருமின்றி, ஒரு முகவரியை மட்டும் கொண்டு செய்தி சேர்த்துக்கொள்ளும் அமைப்பாக இத்தனை பரவலாக நிலைத்திருப்பது மின்னஞ்சலே.

எனவே கோரப்படுவது எச்டிடிபியைக் கைவிடுவதன்று. இந்தியாவின் சரக்கு மற்றும் சேவை வரி மின்விலைப்பட்டியல் முறை 2020 அக்டோபரில் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தபோது, பதிவெண்ணை உடனுக்குடன் தரும் தேவை இருந்தது. சரக்கு வண்டி வாயிலில் நிற்கும்போது அஞ்சலுக்குக் காத்திருக்க முடியாது. அங்கே அழைப்பே பொருத்தம். ஆனால் கல்வியுலகின் பரிமாற்றங்களில் பெரும்பகுதி அத்தகையதன்று. பத்து மணி நேரம் ஓடும் கணிப்பின் முடிவு, களநிலையம் நாளுக்கு ஒருமுறை அனுப்பும் அளவீடுகள், நூலகங்களுக்கு இடையிலான இரவல் கோரிக்கை, ஆய்வேட்டின் மேற்தரவு ஆகிய இவற்றில் எதற்கும் ஒரு நொடியில் விடை தேவையில்லை. தேவைப்படுவது, தொலையாது என்ற உறுதி மட்டுமே.

இதிலிருந்து செயலுக்குரிய சில முடிவுகள் பிறக்கின்றன. இணையச் சேவையைக் கற்பிப்போர் செய்தியையும் ஊர்தியையும் பிரித்துக் கற்பிக்க வேண்டும். ஒரே எக்ஸ்எம்எல் கோரிக்கையை ஒருமுறை எச்டிடிபி வழியாகவும் ஒருமுறை எஸ்எம்டிபி வழியாகவும் அனுப்பி, நடுவே வழங்கியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும் ஆய்வகப் பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் போதும். நம்பகம் என்பது எங்கே வாழ்கிறது என்பதை எந்த விரிவுரையையும்விட அது தெளிவாகக் காட்டும். வளாகக் கணினி மையங்கள், மனிதர்க்கான அஞ்சற்பெட்டிகளுடன் சேவைகளுக்கான அஞ்சற்பெட்டிகளையும் வழங்கலாம். உடன்பட்ட நிறுவனங்களின் கையொப்பமிட்ட மடல்கள் குப்பை வடிகட்டியில் சிக்காமல் வழிவிடலாம். சேவையை வடிவமைப்போர் பாதுகாப்பைக் குழாயிடம் ஒப்படைக்காமல் செய்திக்குள்ளேயே வைக்க வேண்டும். அனுப்புநர் முகவரியை எளிதில் போலி செய்யலாம். டிகிம், எஸ்பிஎஃப் போன்றவை களப்பெயருக்கு மட்டுமே சான்று தரும். கோரிக்கை இன்னாருடையது என்பதற்குச் செய்தியின் மேலுள்ள கையொப்பமே சான்று.

அதிவேக இணைப்பும் அறாத மின்சாரமும் உள்ள சில வளாகங்களை மனத்தில் வைத்து எழுதப்படும் பாடத்திட்டம், அவை இல்லாத பல நூறு கல்லூரிகளையும் ஆள்கிறது. எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒரு தொழில்நுட்ப விவரமாகவே அவற்றின் மாணவர்க்குச் சொல்லித்தரப்படுகிறது. அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்கக் கற்றுத்தரப்படுவதில்லை. 1986-இல் தொலைபேசிக் கம்பியில் மடல் அனுப்பிய தலைமுறை அந்நிபந்தனைக்குக் கட்டுப்படாமலே உலகுடன் உரையாடிற்று. அந்த வடிவமைப்பின் அறிவு, இன்னும் சீரற்ற மின்சாரத்திலும் அடைத்த தீயரணுக்குப் பின்னாலும் பணிபுரியும் துறைகளின் பாடத்தில் இடம்பெற உரியது.